கதவில் இருந்த மூன்று எழுத்து

ரயில் வேகன் பழுது பார்க்கும் ஷெட்டில் எனக்குப் பெயிண்ட் வேலை. வீடு தெலுங்கு நாட்டில், மௌலா அலியில்; ஊர் இந்தியும் எங்கள் பேச்சில் கலந்துவிட்டது. பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. இங்கிலீஷ் எழுத்துகளை வேகனில்தான் கற்றுக்கொண்டேன். எழுத்து வெட்டின தகட்டை வேகன் மேல் வைத்து வெள்ளைப் பெயிண்ட் அடிக்க வேண்டும். முதல் எழுத்துகளைப் பார்த்தால் போதும், வண்டி என்ன ரகம் என்று தெரிந்துவிடும். பி.சி.என். என்றால் மூடின வண்டி, சிமெண்ட் மூட்டை போகும். பி.டி. என்று ஆரம்பித்தால் டேங்க், எண்ணெய் போகும். பின்னால் எது வந்தாலும் கவலையில்லை. கடைப் பலகை, பஸ் போர்டு எல்லாவற்றையும் நான் அப்படித்தான் படித்தேன்.

என் மனைவிக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரி ஃபைலை நான்தான் தூக்கிக்கொண்டு கவுண்டர் கவுண்டராக நின்றேன். அதில் ஒரு வார்த்தைக்குக் கீழே டாக்டர் கோடு போட்டிருந்தார். நியோபிளாசம் என்று சொன்னார்கள். முழுதாகப் படிக்க எனக்கு வராது. என், ஈ, ஓ என்ற மூன்று மட்டும் கண்ணில் நின்றுவிட்டது. அடுத்த மழைக்காலத்துக்குள் அவள் போய்விட்டாள்.

போன வருஷம் என் மகளுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை, லீவு கிடைத்து வர நாளாகும். நான்தான் கூட இருந்தேன். குழந்தையைத் துணியில் சுற்றி ஒரு கதவுக்குள் கொண்டுபோனார்கள். கதவுக்கு மேல் பெரிய எழுத்தில் பலகை. முதல் மூன்றும் என், ஈ, ஓ.

நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

உள்ளே இருந்த நர்ஸம்மா தெலுங்குக்காரர். என்னிடம் இந்தியில் பேசினார். குழந்தை எடை ரொம்பக் குறைவாம். உடம்புச் சூடு நிற்கவில்லையாம். தாயின் நெஞ்சோடு சேர்த்து வைத்துக் கட்ட வேண்டும், மெத்தென்ற பழைய காட்டன் புடவை ஒன்று துவைத்துக் கொண்டுவா என்றார். எங்கள் வீட்டிலும் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடமாட்டோம். நன்றாக வாழ்ந்தவர்கள் கட்டின பழந்துணியில்தான் சுற்றுவோம்.

பீரோவைத் திறந்தேன். பழைய காட்டன் என்றால் மனைவியின் புடவைகள்தான். மூடிவிட்டேன்.

குஷாய்குடாவில் ஒரு கடையில் புதுப் புடவை வாங்கிப்போனேன். நர்ஸம்மா தடவிப் பார்த்தார். கஞ்சி விறைப்பு, சாயமும் போகும், வேண்டாம் என்றார். மறுநாள் வெள்ளை மல் துணி வாங்கினேன். இதுவும் புதுசுதானே, வீட்டில் ஒரு பழம்புடவை இல்லையா என்று கேட்டார். குழந்தையின் எடை இன்னும் இறங்கியிருந்தது. மகளிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"நைனா, அம்மா பொடவைங்க அவ்ளோ கெடக்குது. நீ எதுக்குக் கடை கடையா சுத்தினு இருக்க?"

"அது நக்கோ, வேணாம்."

"கைக்கு? ஏன் வேணாம்?"

நான் மல் துணியை மடிக்க ஆரம்பித்தேன். அவள் விடவில்லை. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

"உங்கம்மாவுக்கு வந்ததுதான் இதுக்கும் வந்துகீது," என்றேன். "அவ துணியிலயே எப்பிடிச் சுத்துறது?"

அவள் முகம் வெளுத்துப்போனது. "டாக்டர் சொன்னாரா?"

"கதவுல போட்டுகீதே. என், ஈ, ஓ."

அவள் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது இன்னா வேகனா நைனா?" என்றாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நியோன்னா புதுசு, அவ்ளோதான். சீக்கோட பேர் இல்ல அது. அம்மாவுக்கு உள்ள புதுசா ஒரு கட்டி வளந்துச்சு. இது புதுசா பொறந்த கொழந்தைங்களப் பாக்குற ரூம்பு."

"ரெண்டும் ஒரே புதுசா?"

"ஹவ், ரெண்டும் ஒண்ணுதான். போய்ப் பொடவை எடுத்துனு வா."

போனேன். நீலக் கட்டம் போட்ட புடவை, சமையலுக்கு அவள் எப்போதும் கட்டினது. வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, மாடியில் காயப்போட்டு, இஸ்திரி போட்டுக் கொண்டுபோனேன். நர்ஸம்மா கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இதுதான் என்றார்.

மகளை உள்ளே கூப்பிட்டுக் கட்டினார்கள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீலக் கட்டத்துக்கு மேல் ஒரு சின்னக் குல்லாய் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குல்லாய் அசைந்தது.

எடை உடனே ஏறவில்லை. ஒரு நாள் ஏறும், ஒரு நாள் நிற்கும். பிறகு நிற்காமல் ஏறியது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வரும்போது ஆட்டோவில் மகளிடம் கேட்டேன், வேறு எதிலெல்லாம் அந்த மூன்று எழுத்து வரும் என்று. கடைகளில் சிவப்பாக எரிகிற நியான் லைட்டும் அதுதானாம். புதுசாகக் கண்டுபிடித்த காற்று என்று பெயர் வைத்தார்களாம். வழியில் ஒரு புது அப்பார்ட்மெண்ட் போர்டிலும் இருந்தது. அதை நானே படித்தேன்.

மாப்பிள்ளை வந்தபோது புதுக் கவுன் கொண்டுவந்தார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று மகள் அதை பீரோவில் வைத்தாள். குழந்தை நீலக் கட்டத்திலேயே தூங்கியது.