ரேடியோவுக்குப் போட்ட பூட்டு

பாட்டுகளையும் போட்டோக்களையும் சேர்த்துவைக்க, வீட்டு வைஃபையில் இணைக்கும் பெட்டி ஒன்றை மகன் செல்லில் தேடிக்கொண்டிருந்தான். இரண்டு டிஸ்க் உள்ளது போதும், ஒன்று கெட்டாலும் மற்றதில் நகல் இருக்கும் என்றான்.

"எனக்கும் உங்க மருமகளுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு. உங்களுக்கு எதுக்குங்கம்மா? வேணுங்கற பாட்டைச் சொல்லுங்க, நான் போட்டுடறேன்."

எனக்குச் சுருக்கென்றது.

கிணத்துக்கடவு வீட்டில் அப்பா ரேடியோவை மர அலமாரிக்குள் பூட்டிவைப்பார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும். சாயங்காலம் திறந்து ரேடியோவைப் போட்டால் சூடேறிய தூசி வாசம் வரும். என்னைவிடச் சின்னவனான தம்பி குமிழைத் திருகலாம். நான் ஒருநாள் தொட்டதற்கு, "வேணுங்கற பாட்டைத் தம்பிகிட்டச் சொல்லு அம்மணி, அவன் வெப்பான்" என்றார் அப்பா. சொன்னால், தம்பி வேண்டுமென்றே செய்திகளை வைப்பான்.

அறுபது வருஷம் கழித்தும் அதே பேச்சு!

"ஏங்கண்ணு, என்ற பாட்டுக்கு நான் உன்னையக் கேக்கோணுமா?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க எழுத்துக்கூட்டித்தான படிப்பீங்க?"

"கூட்டியே அடிச்சுக்கறேன். எனக்கும் ஒரு பாஸ்வேர்டு இருந்தாத்தான் அந்தப் பொட்டி ஊட்டுக்குள்ள வரும்."

பெட்டி வந்தது. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக நான் அடித்து முடிக்கும்வரை, மகனைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தேன்.