கோப்பி ஸ்டோரை இடிக்காமல் வீடு கட்டிய கதை

இலங்கை மலைநாட்டில் டிக்கோயா பக்கம் எடுத்த படம் ஒன்றை இன்று காலை ஒரு நண்பர் போட்டிருந்தார்.

மலைச்சரிவில் வளைந்து வளைந்து போகும் வீடுகள். நடுவில் கருங்கல்லில் ஒரு பழைய கட்டடம். படத்துக்குக் கீழே ஒரு கேள்வி: "இதுக்கு யாருங்க பிளான் போட்டது?"

நான்தான்.

(லைக் போட அவசரப்படாதீர்கள். கதை இருக்கிறது.)

அறுபதுகளின் தொடக்கம். ஹட்டனில் ஓர் என்ஜினியரின் ஆபீஸில் பிளான் வரையும் வேலை எனக்கு. "கோடு போடுற வேலை" என்றுதான் அம்மா தேயிலைத் தோட்டத்தில் எல்லோரிடமும் சொல்வார். சிலர் அதைக் "கோட்டு போடுற வேலை" என்று கேட்டுக்கொண்டு எனக்குக் கூடுதல் மரியாதை கொடுத்தார்கள். (நானும் திருத்தவில்லை.)

அப்போது பள்ளிக்கூட ஆசிரியர்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள், பஸ் கண்டக்டர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, ஒரு தோட்டம் விற்ற ஓரக்காணியை வாங்கியிருந்தார்கள். அநேகமாக எல்லோருமே தோட்டத் தொழிலாளர் லயத்தில், ஒட்டி ஒட்டிய வரிசை அறைகளில், பிறந்தவர்கள். அவர்களுக்கு வீடு கட்டும் பொறுப்பு எங்கள் ஆபீஸுக்கு வந்தது.

காணி நல்ல சரிவு. மேலே உயர்ந்த டர்பன்டைன் மரங்கள். வருஷம் முழுக்கத் தண்ணீர் விழும் பீலி ஒன்று, அதிலிருந்து கீழே இறங்கும் ஓடை. நடுவில், தேயிலை வருவதற்கு முன்னால் கோப்பி விளைந்த காலத்தில் வெள்ளைக்காரர்கள் கட்டிய கோப்பிக்கொட்டை ஸ்டோர். அதன் வாசலில் தெரியும் சுவரின் கனத்தில் ஒரு ஆள் சாய்ந்து உட்காரலாம்.

என்ஜினியர் சொன்ன திட்டம் சுலபம். சரிவை வெட்டிச் சமமாக்குவது, மரங்களை எடுப்பது, ஸ்டோரை உடைத்து அந்தக் கல்லிலேயே அத்திவாரம் போடுவது, நேராக மூன்று வரிசையில் சுவரோடு சுவராக வீடு கட்டுவது.

அப்படியே வரைந்தேன். சுத்தமான வேலை என்று பாராட்டும் கிடைத்தது.

சங்கத்தின் செயலாளர் ரெஜினா பிளானைப் பார்க்க வந்தார். டிக்கோயா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மேசையில் விரித்து வைத்ததை வெகுநேரம் பார்த்துவிட்டு, நான் எங்கே பிறந்தேன் என்று கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"லயத்துலயா?"

"ஆமாங்க."

"அப்ப உங்களுக்குத் தெரியணுமே தம்பி. இதுவும் லயந்தான். ஓடு போட்டுட்டா வேற ஆகிடுமா?"

பிளானைச் சுருட்டி வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. குடையோடு காணிக்குப் போனேன். மேலிருந்து வரும் வெள்ளம் எங்கே திரும்புகிறது, எங்கே தேங்குகிறது என்று நடந்து நடந்து பார்த்தேன். நான் இரண்டாவது வரிசை வரைந்த இடம் முழுக்கத் தண்ணீர் போகும் பாதை. மரங்கள் நிற்கும் இடத்தில் மட்டும் மண் அசையவே இல்லை.

வேறு தாள் எடுத்தேன். மலை எப்படி வளைகிறதோ அப்படியே தனித்தனி வீடுகள். மரங்களைச் சுற்றிப் போகும் பாதை. ஓடைக்கு அதன் வழி. ஸ்டோர் அதன் இடத்திலேயே.

ஒரே ஒரு சிக்கல். இந்தப் பிளானில் இரண்டு வீடு குறைந்தது.

என்ஜினியருக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. காணி வாங்கப் பணம் போட்ட இரண்டு குடும்பம் எங்கே போகும்? அதற்குப் பதில் இருந்தால் நானே சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்லட்டும், இல்லாவிட்டால் பழைய பிளான்தான் என்றார்.

கூட்டம் அந்த ஸ்டோருக்குள்ளேயே நடந்தது. நாலு பேருக்கு முன்னால் அதுவரை பேசியவனில்லை நான். இரண்டு பிளானையும் சுவரில் மாட்டி, மழையில் பார்த்ததைச் சொன்னேன். மரமும் ஓடையும் ஏன் இருக்கவேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினார்கள். பிறகு, புதிதாகக் கல்யாணமான ஒரு கண்டக்டர் எழுந்தார்.

"எல்லாம் சரிங்க. வீடு இல்லாமப் போற அந்த ரெண்டு பேரு யாரு?"

பக்கத்துச் சுவரில் கை வைத்தேன்.

நாம் நிற்கும் இந்த ஸ்டோரையே இரண்டு வீடாக்கலாம் என்றேன். நடுவில் ஒரு சுவர், பெரிய ஜன்னல்கள், மேலே பரண். கூரை மரம் இன்னும் உறுதியாக இருக்கிறது என்று காட்டினேன். பழைய கட்டடத்தில் யார் குடியிருப்பது என்று பின்னாலிருந்து முணுமுணுப்பு. துரைமார் பேய் இருக்கும் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என் பிளான் அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது என்று நினைத்தேன்.

ரெஜினா எழுந்தார். "நம்ம ஆளுங்க சொமந்த கல்லுதானே இது? இதுல ஒரு வீடு எனக்கு."

கண்டக்டர் தன் மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண் எழுந்து போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். லயத்தில் பக்கத்து வீட்டார் இருமினாலும் கேட்கும், இங்கே ஒன்றும் கேட்காது போலிருக்கிறதே என்று அவள் சொன்னதும் மற்ற வீடும் முடிவானது.

கூட்டத்துக்கு வந்திருந்த என்ஜினியர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மறுநாள் என் பிளானில் கையெழுத்து வைத்து மேசைக்கு அனுப்பியிருந்தார். எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். நிமிர்ந்து பார்க்காமலே, கீழே என் பெயரையும் எழுதச் சொன்னார். அந்த ஆபீஸிலிருந்து போன பிளானில் என் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு பெயரை எழுத அவ்வளவு நேரம் எடுத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

கட்டும்போதே ஒரு பெருமழை வந்தது. வெள்ளம் ஓடையோடு இறங்கிப் போனது. ஒரு அத்திவாரம்கூட அசையவில்லை.

வீடுகள் முடிந்ததும், யாரும் குடிவருவதற்கு முன்னால் அப்பாவைக் கூட்டிப்போனேன். ஆயுள் முழுக்க லயத்தில் இருந்தவர். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், பின்னால் முதுகோடு முதுகாக இன்னொரு வீடு.

ஒரு வீட்டின் முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஆளைக் காணவில்லை. தேடப்போன நேரத்தில், பக்கத்துச் சந்து வழியாக முன்வாசலுக்கே வந்து நின்றார்.

"வீட்டச் சுத்தி வர முடியுதுடா," என்றார்.

இன்னொரு தடவை போனார். இந்தமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு.

நீங்கள் உங்கள் வீட்டை ஒருமுறையாவது சுற்றி நடந்து பார்த்திருக்கிறீர்களா?