ஒட்டுப்பால் கட்டிய விரல்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கிட்டார் பழகுகிறவர்கள் எல்லாரும் விரலை நீட்டப் பாடுபடுவார்கள். நானோ நன்றாக நீண்டுகொண்டிருந்த இரண்டு விரல்களை மடக்கிக் கட்டிவைத்துக்கொண்டு பழகினேன். இடது கையின் சுண்டு விரலும் அதன் பக்கத்து விரலும். கட்டியது நூலால் இல்லை, ஒட்டுப்பாலால். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கோட்டிலேயே கொஞ்சம் பால் காய்ந்து நாடா மாதிரி ஒட்டிக்கிடக்கும். மறுநாள் காலையில் வெட்டுக்காரர்கள் அதை உரித்துக் கூடையில் போடுவார்கள். அதில் ஒரு முழம் எடுத்து வந்து விரல்களைச் சுற்றி இழுத்துக் கட்டுவேன். நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து போய்விடும். நாயை விரட்டியது என் வாசிப்புதான் என்று சொன்னவர்களும் உண்டு.

அப்போது ஈப்போவுக்கு அருகே செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் சின்னக் கிராணி. ஆபீஸில் கணக்கு எழுதுகிற உத்தியோகம். மற்ற நேரமெல்லாம் நையாண்டி. பெரிய கிராணி நடப்பது, துரை தும்முவது, கங்காணி கும்பிடுவது, எதை ஒருமுறை பார்த்தாலும் அப்படியே செய்துகாட்டுவேன். என் அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், ஈப்போவில் ஊமைப்படம் ஓடுகிற கொட்டகையில் கிட்டார் வாசித்தார். திரைக்குக் கீழே மணிலாக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள். அவர்கள் நடுவே தமிழன் இவர் ஒருவர்தான். முதலில் அங்கே டிக்கெட் கிழிக்கத்தான் சேர்ந்தாராம். கதவோரம் நின்று அந்த மணிலா கிட்டார்காரரின் கையை மட்டும் பார்த்துப் பார்த்தே பழகி, அவர் ஊருக்குக் கப்பலேறியதும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கெஞ்சினால் ஒரே பதில்தான்: "வாயால கேக்காத மாப்ள, கண்ணால கேளு." தன் கிட்டாரைத் தொடவும் விடமாட்டார். நான் கை நீட்டினால் எழுந்து போய்ப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார். சரியான கஞ்சன் என்று நினைத்துக்கொள்வேன். சாப்பிடவும் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர்; கௌரவம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆகவே கண்ணால் கேட்டேன். சனிக்கிழமை மாலை ரயிலேறிப் போய் முதல் வரிசையில் உட்காருவேன். சனமெல்லாம் திரையைப் பார்க்கும். நான் சின்ன விளக்கு வெளிச்சத்தில் மச்சானின் இடது கையைப் பார்ப்பேன். கதாநாயகி மலையுச்சியிலிருந்து தொங்கினாலும் எனக்குக் கவலையில்லை. மற்றவர்கள் நாலு விரலாலும் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு சுரமாகப் படியேறுவார்கள். மச்சானுக்கு இரண்டு விரல் போதும். மற்ற இரண்டும் உள்ளங்கைப் பக்கம் மடங்கியே இருக்கும். இரண்டு விரலும் கம்பிமேல் வழுக்கிக்கொண்டு ஓடும்போது ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு விம்மல் வரும். மணிலாக்காரர்களே தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். ரகசியம் அந்த மடக்கலில்தான் இருக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது. ஒரு நாள் கம்பி அறுந்து மடங்கிய விரல் ஒன்றைக் கிழித்தது. ரத்தம் வழிந்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இன்னொரு நாள் இடைவேளையில் அந்த மடங்கிய விரல்களுக்கிடையே சுருட்டு கடைசிவரை எரிந்து தோல் பொசுங்கியது. அந்த நாற்றம் எனக்கு வந்தது, அவருக்கு வரவில்லை. வலியையே மறந்த கலைஞன் என்று எனக்குப் புல்லரித்தது. வீட்டுக்கு வந்து அந்தச் சுருட்டு வித்தையையும் முயன்றேன். சுட்டது. நான் இன்னும் கலைஞன் ஆகவில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு அக்காவும் மச்சானும் தோட்டத்துக்கு வந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து என் வீட்டு வாசலில் கூட்டம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கப் புதிதாக வந்த டிரஸரும் பலகாரம் சாப்பிட வந்திருந்தார். "கிராணியாரே, ஒங்க மச்சான் வாசிக்கிறத செஞ்சு காட்டுங்க லா" என்று யாரோ தூண்டினார்கள். என்னைத் தூண்ட வேண்டுமா? ஒட்டுப்பாலை எடுத்து விரல்களை மடக்கிக் கட்டினேன். ஒரு முறத்தைக் கிட்டாராகப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கண்ணைச் செருகி, இரண்டு விரலால் வழுக்கினேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. டிரஸர் மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவ காட்டுங்க" என்றார்.

முதல் தடவைக்கு நான் இன்றைக்கும் ஒரு சாக்கு வைத்திருக்கிறேன். இரண்டாம் தடவைக்கு இல்லை. ஏனென்றால் அப்போது மச்சான் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று மிக லேசாகத் தலையை அசைத்தார். நான் பார்த்தேன். கண்ணால் கேட்கப் பழகியவன் அதை மட்டும் கேட்காமல் விட்டேன். அந்தத் தலையசைப்பை அடக்கம் என்று நினைத்தேன் என்றுதான் இத்தனை காலம் மற்றவர்களிடம் சொல்லிவந்திருக்கிறேன். உண்மை என்னவென்றால் கைதட்டல் எனக்கு ருசித்துவிட்டது. மறுபடியும் செய்தேன், கூடுதல் சரக்கோடு. "கம்பி அறுத்தாலும் இவருக்கு வலிக்காது, சுருட்டு சுட்டாலும் தெரியாது, அதான் வித்துவான்" என்று விளக்கமும் சொன்னேன்.

டிரஸர் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு மச்சான் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். குரல் மெதுவாக இருந்தது. "அண்ணே, கையக் குடுங்க. கண்ண மூடிக்குங்க. நான் தொடும்போது சொல்லுங்க."

மச்சான் கண்ணை மூடினார். ஈர்க்கு சுண்டு விரலைத் தொட்டது, பக்கத்து விரலைத் தொட்டது, உள்ளங்கையின் ஓரத்தில் ஏறி மணிக்கட்டுவரை வந்தது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தள்ளி நின்றார்கள். அக்கா மட்டும் அசையாமல் இருந்தாள். அவளுக்கு முன்பே தெரியும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் தட்டும் தம்ளரும் தனியாக இருந்தது கௌரவத்துக்காக அல்ல. கிட்டாரைப் பூட்டிவைத்தது கஞ்சத்தனத்தாலும் அல்ல. என் கையில் தன் நோய் ஒட்டிவிடக் கூடாது என்றுதான்.

டிரஸர் மேல் குற்றம் சொல்லமாட்டேன். தொழுநோயைக் கண்டால் மேலே சொல்லியாக வேண்டும், சட்டம் அப்படி. ஒரு வாரத்தில் மச்சானைக் கடலுக்கு நடுவே ஒரு தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெண்சாதி கூடப் போக முடியாது. அக்கா என் வீட்டுக்கு வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். சோறு போட்டாள், சட்டை தைத்தாள், "சாப்பிட வாரியா தம்பி" என்று கூப்பிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு என் வேடிக்கை எதற்கும் அவள் சிரித்ததில்லை. கடைசிவரை.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. ரப்பரை வெட்டி எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள், பிறகு அதையும் வெட்டி வீடு கட்டிவிட்டார்கள். ஒட்டுப்பால் வேண்டுமென்றால் எங்கே போவேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் கிட்டாரை எடுத்தால் என் இரண்டு விரல்கள் கட்டில்லாமலே மடங்கிக்கொள்கின்றன. ஆரோக்கியமான விரல்கள். கோப்பி தம்ளரைப் பிடிக்கும்போது நீளும், அரிப்பெடுத்தால் முதுகுவரை போகும். கம்பியைத் தொட்டதும் மடங்கும்.

அந்தத் தீவுக்கு ஒரே ஒரு முறைதான் போக விட்டார்கள். கம்பி வேலிக்கு அப்பால் ஒரு பெஞ்சில் மச்சான் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாய் திறந்தால் வேடிக்கை தவிர வேறு வராதவனுக்கு அன்று வேடிக்கையும் வரவில்லை. கொண்டுபோயிருந்த என் மட்டமான கிட்டாரை எடுத்து அவர் வாசிக்கும் மெட்டையே வாசித்தேன், விரல்களை மடக்கிக்கொண்டு, அந்த விம்மலோடு. முதல் தடவையாக அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, "எல்லாம் ஒங்ககிட்ட பாத்துக் கத்துக்கிட்டதுதான் மச்சான்" என்றேன்.

"ஒன் விரலுக்கு ஒண்ணும் இல்லயே மாப்ள, நீட்டி வாசி" என்றார்.