எங்கள் வீட்டு ஞானஸ்நானச் சட்டை

எங்கள் குடும்பத்தில் நிலமோ நகையோ சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. இருந்தது ஒரு சட்டை. அதுவும் கைக்குழந்தைச் சட்டை. அப்பாவின் தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்காகத் திருநெல்வேலிப் பக்கத்தில் யாரோ தைத்தது என்பார்கள். அதற்குப் பிறகு எங்கள் வகையில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் அந்தச் சட்டைக்குள் கிடந்து வீரிட்டு அழுதுதான் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். நானும் அப்படித்தான்.

வடித்த கஞ்சியின் நிறம் அதற்கு. துணி அவ்வளவு மெல்லியது, உள்ளே கையை விட்டால் விரல் ரேகை தெரியும். குழந்தையின் காலைத் தாண்டி இன்னும் ஒரு முழம் தொங்கும். கழுத்திலும் கையிலும் கையால் பின்னிய லேஸ். தோளில் ஒரு கிழிசலை இழையெடுத்துத் தைத்திருந்தார்கள், அது அப்பா உதைத்துக் கிழித்தது. கீழ் ஓரத்தில் எப்போதோ சொட்டிய மெழுகுவர்த்தியின் தடம். முதுகுப் பொத்தான்களில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேராது. வருஷத்துக்கு ஒரு தடவை அம்மா அதை அலமாரியிலிருந்து எடுத்து வெயில் காட்டுவாள். கையைக் கழுவி, துடைத்துவிட்டு வந்தால்தான் தொட விடுவாள். தொப்பையும் மீசையுமாக ஈசிச்சேரில் சாய்ந்திருக்கும் அப்பா ஒரு காலத்தில் இதற்குள் முழுசாக இருந்தார் என்பதை என்னால் நம்பவே முடியாது. நான் அப்பாவையும் சட்டையையும் மாறி மாறிப் பார்ப்பேன்.

அந்தச் சட்டைக்குச் சொந்த வீடு கிடையாது. கடைசியாக எந்தப் பிள்ளைக்குப் போட்டார்களோ அந்த வீட்டில் இருக்கும். அடுத்து எந்த வீட்டில் பிள்ளை உண்டாகிறதோ அங்கே போய்விடும். எனக்குப் போட்ட பிறகு அது செம்பூரில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்கும் சித்திக்கும் கல்யாணமாகி நெடுநாளாகியும் பிள்ளை இல்லை. அதனால் தாராவியில் அவர்கள் வீட்டுக்கு அது போனதே இல்லை. நான் மூன்றாவது முடித்த கோடை விடுமுறையில் எனக்குத் தம்பி பிறந்திருந்தான். அவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க நாள் குறித்தாயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் சித்தப்பா வந்து சட்டையைக் கேட்டார்.

சித்தப்பாவுக்குத் தாராவியில் தையல் பட்டறை. கீழே மெஷின்கள், ஏணி ஏறினால் வீடு. பழைய காலத்துத் தினுசில் புதுத்துணி தைப்பதுதான் அங்கே வேலை. வெளிநாட்டில் ஜனங்களுக்குத் திடீரென்று பழசின் மேல் ஆசை வந்துவிட்டதாம். ஆனால் உண்மையான பழசு எல்லாருக்கும் கிடைக்குமா? அதைச் சித்தப்பா தைத்துக் கொடுப்பார். இப்போது சரக்கு வாங்கும் ஒரு பார்ட்டி, குழந்தைகளுக்குப் பழைய காலத்துச் சட்டை வேண்டும் என்று கேட்டிருந்தது. நம் வீட்டில் இருப்பதை விட நல்ல சாம்பிள் உலகத்தில் எங்கே இருக்கிறது என்றார் சித்தப்பா.

அம்மாவுக்கு மனசே இல்லை. சித்தப்பா விடவில்லை. "மைனி, நீங்க டென்ஷன் ஆகாதீய. பாத்து வெட்டிக்கிட்டு அப்படியே கொண்டாந்துருவேன். எம் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். கொழுந்தன் இப்படிக் கேட்டால் எந்த மைனிதான் என்ன செய்வாள்? சட்டையை வெள்ளைத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். கூடவே என்னையும் அனுப்பினாள். லீவுக்குச் சித்தி வீட்டில் இருக்கட்டும் என்று வெளியே சொன்னாலும், சட்டைக்குக் காவலாகத்தான் போகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று சட்டை நேராக மேலே சித்தியிடம் போனது. கீழே எண்ணெய்க் கறை பட்டுவிடும் என்று சித்தியே வாங்கிக்கொண்டாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். பிறகு மறுபடி போய்க் கழுவினாள். கட்டிலில் அதை விரித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்ததைக்கூட நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "நீ இதுக்குள்ள கெடந்தியாக்கும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். தூங்கும்போதும் அது அவள் தலையணைப் பக்கத்தில் இருந்தது. எலி வரும் என்றாள்.

மறுநாள் கீழே நான் பார்த்ததை மந்திரம் என்றுதான் இன்றும் சொல்வேன். வெட்டுகிறவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். எல்லாரும் மாஸ்டர்ஜி என்பார்கள். சாம்பிளில் இருப்பதுதான் சரக்கிலும் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். முன்பு ஒரு சாம்பிளில் பொத்தான் கோணலாக இருந்திருக்கிறது. மாஸ்டர்ஜி நல்லெண்ணத்தோடு அதை நேராக்கித் தைத்துவிட்டார். அந்தக் கோணல்தான் அழகு என்று பார்ட்டி மொத்தச் சரக்கையும் திருப்பிவிட்டது. அன்றிலிருந்து தன் புத்தியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவதாக மாஸ்டர்ஜி பெருமையாகச் சொல்வார். அதனால் எங்கள் சட்டையின் லேஸை மட்டுமா காப்பியடித்தார்? தோளில் வேண்டுமென்றே கிழித்து, அதே மாதிரி இழையெடுத்துத் தைத்தார். ஒரு பொத்தானைச் சேராத பொத்தானாகத் தேடி ஆளைத் தாதருக்கு அனுப்பினார். கடைசியில் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, அளவு பார்த்து, ஓரத்தில் ஒரு சொட்டு விட்டார். என் அப்பா உதைத்த உதையையே ஒருவர் உட்கார்ந்து தைப்பதை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தைத்து முடித்ததும் அவை வெள்ளை வெளேரென்று, நேற்றுப் பிறந்த மாதிரிதான் இருந்தன. பிறகு பெரிய அலுமினியக் குண்டானில் டீத்தூளைக் கொதிக்கவிட்டு, உப்புப் போட்டு, சட்டைகளை அதில் முக்கினார்கள். எடுத்து உலர்த்தி, கழுத்தோரத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தார்கள். காலையில் பிறந்த துணி சாயங்காலத்துக்குள் கிழடாகிவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு குண்டான் டீக்கு இவ்வளவு சக்தியா என்று அன்று சித்தி கொடுத்த டீயைப் பயந்து பயந்து குடித்தேன்.

நிறம் ஒத்துப் பார்க்க எங்கள் சட்டையையும் மற்றவற்றோடு மொட்டைமாடிக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். அதுதான் வினை. அந்த வருஷத்து முதல் மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்து கொட்டியது. கீழே பட்டறைக்குள் தண்ணீர் புகுந்து, எல்லாரும் துணிக்கட்டுகளை நகர்த்த ஓடினார்கள். சித்தி மட்டும் மாடிக்கு ஓடினாள். தொப்பலாக நனைந்து, எல்லாச் சட்டைகளையும் ஒரே அள்ளாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். உலர்ந்த பிறகு சித்தப்பா ஒவ்வொன்றாகப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். எல்லாவற்றிலும் கிழிசல் இருந்தது, மெழுகு இருந்தது, சேராத பொத்தான் இருந்தது. சித்தப்பாவின் முகம் அதுவரை நான் பார்த்திராத மாதிரி ஆகிவிட்டது. மொத்தம் எத்தனை தைத்தார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. துணி இருந்தவரை மாஸ்டர்ஜி வெட்டியிருந்தார்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின சாயங்காலம் நாங்கள் எல்லாரும் செம்பூருக்கு வந்தோம். சித்தப்பா பையைக் கவிழ்த்ததும் எங்கள் வீட்டுக் கட்டிலில் ஒரே சட்டை பல சட்டைகளாக விழுந்தது. விஷயம் தெரிந்ததும் அப்பா சித்தப்பாவைப் பிடித்து ஏசினார். தாத்தாவின் சட்டையைச் சந்தைச் சரக்கோடு கலந்துவிட்டாயே, நீயெல்லாம் ஒரு மகனா என்கிற அளவுக்குப் போய்விட்டது. இதில் எதைப் போட்டு நாளைக்குச் சபைக்கு முன்னால் பிள்ளையைக் கொண்டுபோவது? போனில் இருந்த என் ஞானஸ்நானப் படத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார் அப்பா. படத்தில் இருந்ததைப் போலவே எல்லாமும் இருந்தன. சித்தப்பா எல்லாவற்றையும் படமெடுத்து மாஸ்டர்ஜிக்கு அனுப்பிக் கேட்டார். "யே சப் மேரே ஹாத் கா ஹை," அத்தனையும் என் கைவேலைதான் என்று ஸ்பீக்கரில் பதில் வந்தது. "இவனுக்கு இருக்கிற கர்வத்தைப் பாரு" என்று அப்பா போனைப் பிடுங்கி அணைத்தார்.

அம்மா தம்பியை என் மடியில் கிடத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். சட்டைகளை ஒன்றொன்றாக எடுத்தாள். விரலால் நீவினாள். முகத்தருகே கொண்டுபோனாள். கடைசிச் சட்டையைப் பார்த்து முடித்ததும் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். பை காலி. பிறகு நிமிர்ந்து, அடுக்களை வாசலில் நின்ற சித்தியைப் பார்த்தாள். சித்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது. அம்மா அவளையே வெகுநேரம் பார்த்தாள். எனக்குத் தம்பியின் கனம் தாங்காமல் கை வலித்தது.

அம்மா குனிந்து ஒரு சட்டையை எடுத்தாள். "இதுதான்" என்றாள்.

அப்பா நம்பாமல் நிச்சயமாகவா என்று கேட்டார்.

"எம் பிள்ளைக்குப் போட்டுக் கழட்டுனவ நான். எனக்குத் தெரியாதா?"

சித்தப்பா கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். சித்தி வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். புருஷன் தப்பித்தான் என்ற நிம்மதியில் அழுகிறாள் என்று நினைத்தேன். அம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் அம்மாவை அண்ணாந்து பார்த்தபடி இருந்தேன். போனுக்கும் அப்பாவுக்கும் மாஸ்டர்ஜிக்கும் தெரியாதது அம்மாவின் விரலுக்குத் தெரிந்துவிட்டதே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வளர்ந்தால் எனக்கும் அப்படி ஒரு விரல் வேண்டும் என்று அன்று ஜெபம்கூடப் பண்ணினேன்.

மறுநாள் தம்பி அந்தச் சட்டைக்குள் ராஜா மாதிரி இருந்தான். எங்கள் பக்கம் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். தலைமுறை தலைமுறையாக ஒரே வஸ்திரத்தில் விசுவாசத்தைச் சுமந்துவரும் குடும்பம் என்று ஐயர் பிரசங்கத்திலேயே சொன்னார். ஆராதனை முடிந்ததும் ஒரே கூட்டம். தேவ்நாரிலிருந்து வந்திருந்த அப்பாவின் அத்தை சட்டையின் ஓரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் அண்ணனின் வாசம் அப்படியே இருக்கிறது என்று கண்ணீர் விட்டார். பழைய துணிக்கு இருக்கிற உறுதி இந்தக் காலத்துத் துணிக்கு வருமா என்று ஒருவர் கேட்க, எல்லாரும் வராது என்று தலையாட்டினார்கள். சித்தப்பாதான் அவர்களில் பலமாகத் தலையாட்டியவர்.

அடுத்த நாள் அம்மா சட்டையை ஒரு பேசினில் ஊறவைத்தாள். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். அவள் கையை அமிழ்த்தியதும் தண்ணீர் மெல்ல மெல்லப் பழுப்பாகியது. ஒரு வாசனை வந்தது. அடுக்களையில் டீ கொதிக்கிறதாக்கும் என்று நினைத்தேன். என் கண் அந்தத் தண்ணீரை விட்டு அகலவில்லை. அப்பாவின் தாத்தா, தாத்தா, அப்பா, சித்தப்பா, நான் என்று அத்தனை பேருடைய காலமும் அந்தப் பேசினுக்குள் இறங்குவதாகப் பட்டது. இவ்வளவு வருஷமும் இதற்குள்ளேயா இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினாள். சட்டையை உதறிப் பிடித்தபோது அது வெளுத்துப் போயிருந்தது. "சித்திகிட்ட இதச் சொல்லாத, என்ன?" என்றாள். அழகான பழைய நிறம் போய்விட்டதே என்று சித்தி வருத்தப்படுவாள் என்று புரிந்துகொண்டு, நான் பெரிய மனுஷி மாதிரி தலையசைத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்திருந்தாள். தம்பியை இடுப்பில் வைத்து, அன்று முழுக்கக் கீழே இறக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, சித்தப்பா படியிறங்கிப் போகும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, அடுத்த வாரம் நான் கொண்டாந்துருதேன்."

"அவசரமில்ல. உங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. "நீ ஆசைப்படுத காலம் வரைக்கும் வச்சிரு."

சித்தி அம்மாவின் கையைப் பிடித்தாள். சட்டையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அம்மா குழம்பு கொடுத்துவிட்ட தூக்குவாளி எதுவோ சித்தி வீட்டில் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, சித்தி போனதும் அடுக்களைக்குப் போய் அலமாரியைத் திறந்து பார்த்தேன். எல்லாப் பாத்திரங்களும் அங்கேயே இருந்தன.