முனுசாமியின் இடது காது

பர்மா சண்டைக்குப் போன இந்த வட்டாரத்துச் சிப்பாய்களின் குடும்பங்களைத் தேடி ஊர் ஊராக அலைகிறேன். இன்று திருப்புலிவனம். கையில் முனுசாமி என்பவரின் ராணுவப் பதிவேட்டு நகல் இருக்கிறது. வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கும் காசியம்மாள் அவருடைய மகள். எழுபத்தைந்து வயதிருக்கும்.

"இன்னா சார் எழுதிக்கீது?" என்கிறார்.

வாசித்துக் காட்டுகிறேன். படையில் சேரும்போதே இடது காது பாதி அறுந்தவர். பர்மாவில் காணாமல் போனார், இறந்ததாகக் கருதப்படுகிறது.

"தப்பு சார். சண்ட முடிஞ்சி நைனா வூட்டுக்கு வந்தப்புறம்தான் நானே பொறந்தேன்."

உள்சுவரில் மாலை போட்டிருக்கும் அப்பாவின் படத்தைக் காட்டுகிறார். நேராகப் பார்க்கும் அந்த முகத்தில் இரண்டு காதுகளும் முழுசாக இருக்கின்றன. காசியம்மாள் படத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். கடலை உரித்த கை நின்றுவிடுகிறது.

"ஆடி அமாவாசைக்கு எங்கம்மா எல போட்டு, நைனா பேரச் சொல்லிப் படைப்பா சார். உசுரோட கீற மனுசனுக்கு ஏம்மா படைக்கிறன்னு கேட்டா, வாய மூடுன்னுவா. நைனா பக்கத்துல குந்திக்கினு அவரே கற்பூரம் கொளுத்துவாரு."

நகலை மடிக்கிறேன். காசியம்மாள் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"அப்போ எங்க நைனா பேரு இன்னா சார்?"

அதே படைப்பிரிவில் காணாமல் போனவர்களின் பட்டியல் என் பையில் இருக்கிறது. அதை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசிக்கிறேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.