அம்மன் மாலையில் ஒரு மெடல்

நான் வேலை செய்யும் கப்பலிலிருந்து கோதுமை மூட்டைகள் இறங்கி முடியவில்லை. அதனால் த்ருவோங் டின் தெருவிலுள்ள மாரியம்மன் கோயிலுக்கு வந்திருக்கிறேன். போரில் ஜெயித்தவர்கள் ஊருக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். சைகோன் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இங்கே தமிழ் பேசக் கிடைத்தவர் ஒருவர்தான், காரைக்கால்காரர் மாணிக்கம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்த மண்ணில் சண்டை போட்டவர். இடது கால் முழங்காலோடு சரி.

அம்மன் மாலையில் வேண்டுதல் தகடுகள் தொங்குகின்றன: கண், கை, கால். அதில் ஒரு வெள்ளிக் காலைக் கண்ணாலேயே காட்டுகிறார்.

"அது நான் செலுத்துனது தம்பி. அதுக்குப் பின்னாடி என் பட்டாள மெடல வச்சுக் கட்டியிருக்கேன். அது வீட்டுல இருந்திருந்தா, பிரெஞ்சுக்காரனுக்குச் சண்ட போட்டவன்னு என்னைய எப்பவோ கைதி முகாமுக்குக் கொண்டு போயிருப்பாங்க."

அப்போதுதான் ஒரு போலீஸ்காரர் உள்ளே வருகிறார். தொப்பியைக் கழற்றிவிட்டு, ஊதுபத்தி ஏற்றி அம்மனைக் கும்பிடுகிறார். மின்விசிறிக் காற்றில் தகடுகள் உரசிச் சத்தம் போடுகின்றன.

திரும்பும்போது மாணிக்கத்தின் காலைக் காட்டி ஏதோ கேட்கிறார். இவர் சிரித்தபடி பதில் சொல்கிறார்.

போலீஸ்காரர் போய்விட்டார். மாணிக்கம் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புகிறார்.

"கால் எப்படிப் போச்சுன்னு கேட்டாரு, லாரி ஏறிட்டுதுன்னு சொன்னேன். காரைக்கால்ல எந்தம்பி மவன் இருக்கான். ஊருக்குப் போறப்ப அவனப் பாத்தா, நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

"சொல்றேங்க. மெடல் பத்திரமா இருக்குன்னும் சொல்றேன்."

"ஐயோ, வேணாம். பெருமையா எனக்கு லெட்டர்ல எழுதிடுவான், அத இங்க போலீஸ்காரங்க பிரிச்சுப் படிப்பாங்க. கால் பத்திக் கேட்டா, அவனுக்கும் லாரின்னே சொல்லிடுங்க."