மாத்திரைக்குக் கீழே இருந்த வரி

கொரோனா எல்லாம் ஓய்ந்திருந்த சமயம். ஜோகுபாளையத்தில் எங்கள் பக்கத்துத் தெரு கிளினிக்கில் எனக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் கன்னடத்தில் என்னென்னவோ விளக்கினார். சர்க்கரையால் ஒரு காலை இழந்த எங்கப்பாதான் என் கண்ணுக்குள் நின்றார். எதுவும் காதில் ஏறவில்லை.

சீட்டை மெடிக்கலில் நீட்டினேன். ஆறாவதோடு நின்றவள், இங்கிலீஷ் படிக்க வராது. மூன்று வரி எழுதியிருந்தது. கடைக்காரர் இரண்டு மாத்திரைதான் வைத்தார். எனக்குப் பதறியது.

"அண்ணா, கடைசியா எழுதினத குடுக்கலையே?"

"அது வாக்கிங்மா. தினம் நடக்கணுமாம். நம்ம கடையில ஸ்டாக் இல்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற ஒரு அக்கா மட்டும் தன் சீட்டைக் காட்டி, "எனக்கும் அதேதான் எழுதியிருக்கு. காலைல அல்சூர் ஏரிக்குப் போலாம், வர்றியா?" என்றார்.

தனியாக என்றால் போயிருக்கவே மாட்டேன். மயக்கம் வருமோ, வண்டி இடிக்குமோ, எல்லாமே பயம். நாய்க்குப் பயந்து குடை எடுத்துப்போவேன். "உன் குடையப் பாத்து நாய்ங்கதான்டி மிரளுது" என்பார் அக்கா. ஆனாலும் என்னை உள்பக்கம் தள்ளிவிட்டு, ரோட்டுப் பக்கம் அவரே நடப்பார். கோலார் தங்கவயலில் பிறந்தவர். கேலி பேச ஆரம்பித்தால் ஏரியைச் சுற்றியதே தெரியாது. சர்க்கரையும் மெல்ல இறங்கியது.

போன வருஷம் அவர் மகனோடு தங்கவயலுக்கே குடிபோய்விட்டார். நானும் நடப்பதை விட்டேன். சர்க்கரை ஏறியது. டாக்டர் மறுபடி அதே வரியை எழுதினார். இப்போது அது எனக்கு அடையாளம் தெரியும். பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

"ஏம்மா, என்னாச்சு?"

"யார்கூட நடக்கறது டாக்டர்?"

அவர் பேனாவை மூடி வைத்தார்.

மறுநாள் குடையோடு போனேன். நாய்கள் படுத்தபடியே பார்த்தன. கேலி பண்ண ஆளில்லை.

இன்றைக்கும் உள்பக்கமாகத்தான் நடக்கிறேன், ரோட்டுப் பக்கம் ஓர் ஆள் வரும் அளவுக்கு இடம் விட்டு. நடக்கச் சொல்லி எழுதியது டாக்டர்தான். ஆனால் தினமும் என்னை வீட்டிலிருந்து கூட்டிவருவது அந்தக் காலி இடம்தான்.